நிழலில் வைத்த பிள்ளை

பளைப் பக்கத்தில் தென்னங்கன்று என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளை என்றுதான் சொல்வார்கள். "இந்த மாரிக்கு எத்தினை பிள்ளை வைச்சனீங்கள்?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். வாழைக்குக் குட்டி, பனைக்கு வடலி, தென்னைக்குப் பிள்ளை. பாரிஸில் ஓர் உணவகத்தின் குசினியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, இரவு ஒரு மணிக்குக் கைத்தொலைபேசியில் அக்கா அனுப்பிய படங்களைப் பார்க்கும்போது அந்தச் சொல் எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது. படத்தில் இருப்பவை பத்து வயதுப் பிள்ளைகள். மெலிந்து, கழுத்து நீண்டு, வெளிச்சம் தேடி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அவற்றை வைக்கச் சொன்னவன் நான். காசு அனுப்பியவனும் நான்.

தென்னை வளர்ப்புப் பற்றி எழுத எனக்குப் பெரிய தகுதி எதுவுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். ஆனால் தென்னையைச் சொல்லாமல் நான் கேட்க விரும்புகிற கேள்வியைக் கேட்க முடியாது. இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிற ஒரு கிழமரத்தை, அதன் கீழ் நிற்கிற இளமரத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகத் தறிக்கலாமா? தறிக்கலாம் என்றால், தறி என்று சொல்லுகிற உரிமை யாருக்கு? கேட்பதற்கு இது ஒரு கமக்காரனின் கேள்வி போல இருக்கும். அதற்கு விடையும் உண்டு. லுணுவிலவில் 1929 இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பத்து வருடமாக எங்கள் வீட்டில் அந்த விடையைக் கையால் செய்ய ஒருவராலும் முடியவில்லை என்பதுதான் சங்கதி.

எங்கள் காணி இரண்டு ஏக்கர். பச்சிலைப்பள்ளிப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரிய தென்னந்தோட்டங்கள் வந்துவிட்டன. அவற்றின் ஓரங்களில் எங்களைப் போன்றவர்கள் ஒன்றும் இரண்டுமாக ஏக்கர் வாங்கித் தென்னை வைத்தார்கள். இந்த மரங்களை 1950களில் அப்பப்பா வைத்தார். 26 அடிக்கு ஒரு மரம் என்று வைத்தால் ஏக்கருக்கு 64 மரம் வரும், இரண்டு ஏக்கருக்கு 128. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஐயா 120 மரம் என்று கணக்குச் சொல்வார். 2000 ஆம் ஆண்டு முற்பகுதியில், ஆனையிறவு முகாமுக்கான சண்டை எங்கள் பக்கம் வந்தபோது, காணியை விட்டு வெளிக்கிட்டோம். ஏப்ரல் 22 இல் ஆனையிறவு விழுந்தது. பிறகு முகமாலை முன்னரங்காகி, 2009 வரை ஷெல்லும் கண்ணிவெடியுமாகக் கிடந்த நிலம் அது. வெடி அகற்றி முடிந்து 2012 இல் ஐயா திரும்பிப் போனார். நான் பிரான்ஸுக்கு வந்து நாலு மாதம்.

ஆகவே அந்தக் காட்சியை நான் நேரில் காணவில்லை. ஐயா எண்ணித் தொலைபேசியில் சொன்ன கணக்கு மட்டும் என்னிடம் இருக்கிறது. தலையோடு நின்ற மரம் 71. தலையில்லாமல் மொட்டைக்கம்பமாக நின்றது 30. மிச்சம் இருந்த இடமே தெரியவில்லை. தலைபோன தென்னை பக்கத்தால் தளிர்க்காது. அதற்கு உச்சியில் ஒரேயொரு குருத்துத்தான். அது போனால் மரம் முடிந்தது. உயிரோடு நின்ற 71 இலும் பாதிக்கு மேல் தண்டில் காயம். மாமரத்தில் கத்தியால் கீறினால் சில வருடத்தில் பட்டை மூடி வளர்ந்துவிடும். தென்னைக்கு அப்படிப் பட்டைக்குள் வளர்கிற படை கிடையாது. ஏறுவதற்குக் கொத்திய படி கொத்தியபடியே இருக்கும். ஷெல் சிதறல் பட்ட துளையும் அப்படித்தான். மரம் துளையோடு உயர்ந்துபோய்க் காய்க்கும், துளை இருந்த உயரத்திலேயே இருக்கும். அந்த மரங்களிலிருந்து பிடுங்கிய தேங்காயை விற்றுத்தான் ஐயாவும் அக்காவும் வீட்டுக்குக் கூரை போட்டார்கள். அக்கா வன்னியில் கலியாணம் செய்து, 2009 இல் அத்தானை இழந்து, மூன்று வயது மகனோடு முகாமிலிருந்து வந்தவள். இதைப் பின்னால் சொல்லப்போகிற விடயத்துக்காக இங்கே குறித்துவைக்கிறேன்.

2015 இல் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அதுவரை களவாக வேலை செய்து கடன் கட்டினேன். பிறகு முதன்முதலாகக் கையில் கொஞ்சம் காசு மிஞ்சியது. எம்மவர் பலரும் இந்தக் கட்டத்தில் ஊரில் கோவிலுக்குக் கோபுரம் கட்டுவார்கள், அல்லது மேல்மாடி வைப்பார்கள். அரைகுறையாகப் படித்த விவசாயம் என்னை அப்படி விடவில்லை. மரங்களுக்கு அறுபது வயது கடந்துவிட்டது, இனிக் காய் குறைந்துகொண்டே போகும், புதுத்தென்னை காய்க்க ஆறேழு வருடம் செல்லும், இன்றைக்கு வைக்காவிட்டால் நாளைக்கு அக்காவின் மகனுக்கு ஒன்றும் இருக்காது என்று ஐயாவுக்குக் கணக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் தறித்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். அப்படிச் செய்தால் ஆறேழு வருடம் வருமானமே இல்லை. பழைய மரத்தை விட்டுவிட்டுக் கீழே வாழையும் கமுகும் வைத்துச் செலவுக்காசு பார்க்கலாம். மூன்றாவது வழி, பழைய மரங்கள் நிற்க நிற்க அவற்றின் இடையில் தென்னம்பிள்ளையை வைத்து, பிள்ளை எழும்ப எழும்பச் சில வருடத்துக்குள் பழைய மரங்களைப் படிப்படியாகத் தறிப்பது. வருமானமும் நிற்காது, தோட்டமும் புதுப்பிக்கப்படும். யாருக்கும் நோகாத வழி என்று தோன்றியது.

அப்படித் தோன்றியதற்கு நியாயமும் இருந்தது. தென்னந்தோட்டத்துக்குள் விழுகிற வெளிச்சம் மரத்தின் வயதோடு மாறும். பிள்ளை வைத்து ஏறக்குறைய எட்டு வருடம் வரை நிலத்தில் நன்றாக வெய்யில் விழும். எட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை ஓலைகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் நின்று நிலத்தை மூடிவிடும். பிறகு மரம் உயர உயர வெய்யில் சரிந்து மறுபடி கீழே வரும். வேரும் அப்படித்தான், தின்கிற வேரில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீற்றருக்குள் நின்றுவிடும், நடுவில் உள்ள நிலம் சும்மா கிடக்கும். கேரளத்துக் காசர்கோட்டு ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் இந்த வெளிச்சத்தையும் சும்மா கிடக்கிற நிலத்தையும் வைத்து, தென்னையில் மிளகைப் படரவிட்டு, இடையில் கொக்கோ, அதற்குக் கீழே அன்னாசி என்று அடுக்கடுக்காகப் பயிர்செய்து காட்டினார்கள். இதை விரிவுரையில் கேட்டபோது எனக்கு அது ஏதோ சமத்துவ சமுதாயம் போலவே இருந்தது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய உயரத்தில் நின்று தனக்கு வேண்டியதை எடுக்கிறது, ஒருவரும் ஒருவரையும் மிதிக்கவில்லை.

கமுகும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன். கமுகு நிழலில் நிற்கப் பிறந்த மரம், இளமையில் வெய்யில் நேரே பட்டால் தண்டு வெந்துவிடும். தென்னைக்குக் கீழே அதற்கு ஒரு மனக்குறையும் இராது. ஆனால் தண்ணீர் வேண்டும். துரவுக்கரையில் வைத்த 40 கமுகில் 2016, 2017 வரட்சிக்குத் தப்பியது மூன்று. ஐயா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். 'உன்ர கம்பஸ் கமுகு' என்பார்.

தென்னம்பிள்ளை 80 வைத்தோம். மூன்றடிக் கிடங்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டை அடுக்கி, மாரி தொடங்க வைத்தார்கள். அதில் 34 ஷெல்லடியில் மரம் இல்லாமற்போன இடைவெளிகளில் வந்தன. 46 பழைய மரங்களுக்கு நடுவில், நிழலில். நாலு வருடத்துக்குள் பழைய மரங்களில் பாதியையாவது தறிப்பது என்று பேச்சு. ஐயாவும் ஓம் என்றார்.

இப்போது 2025 முடியப்போகிறது. காற்றுக்கு விழுந்த நாலையும், கருவண்டு குருத்தைத் தின்று செவ்வண்டு கோறையாக்கிய இரண்டையும் தவிர ஒரு பழைய மரமும் போகவில்லை. 65 நிற்கின்றன. இடைவெளியில் வைத்த 34 பிள்ளைகளில் பெரும்பாலானவை அடிபெருத்து, கை எட்டுகிற உயரத்தில் குலைகுலையாகக் காய்த்துவிட்டன. நிழலில் வைத்தவை உயிரோடு இருக்கின்றன. அந்தளவுதான். பழைய தோட்டத்தில் விழுகிற வெளிச்சம் ஒரு பிள்ளை சாகாமல் இருக்கப் போதும், காய்க்கப் போதாது. செத்திருந்தால் நான் வைத்தது பிழை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். சாகாமல் நிற்கிறபடியால் ஒவ்வொரு வருடமும் 'இன்னும் ஒரு வருடம் பாப்பம்' என்று சொல்ல முடிந்தது.

அக்கா அனுப்பிய படத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது மனதில் வருகிற ஒரு நினைப்பை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஷெல் விழுந்த இடத்தில்தான் பிள்ளை நன்றாக வந்திருக்கிறது. நாங்கள் தறிக்காத மரத்தை யுத்தம் தறித்தது. அந்த வெளிச்சத்தில் இப்போது தேங்காய் பிடுங்குகிறோம். இதிலிருந்து அழிவும் நன்மைக்கே என்று யாராவது தத்துவம் பேச வந்தால் அவரோடு எனக்குப் பேச்சில்லை. எங்களில் சிலர் அப்படிப் பேசவும் கேட்டிருக்கிறேன், யுத்தத்தால்தான் நாங்கள் ஐரோப்பாவைக் கண்டோம் என்று. அந்த வெளிச்சத்துக்கு யாரும் விலை பேசவில்லை, யாரும் அதைத் தெரிவுசெய்யவும் இல்லை. வந்து விழுந்தது. நாங்கள் தெரிவுசெய்ய வேண்டியது மற்ற 46 பிள்ளைகளின் வெளிச்சம். அதைத்தான் செய்யவில்லை.

பிள்ளை வைத்த நாளிலேயே தறிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் நான் பிந்திப் புரிந்துகொண்ட விடயம். நிழலில் ஒரு தென்னம்பிள்ளையை வைக்கிறவன் இரண்டு வேலை செய்கிறான். ஒன்று அன்றைக்கே முடிந்துவிடும். மற்றது நாலைந்து வருடத்துக்குப் பிறகு கோடாலியோடு வரவேண்டிய வேலை. முதல் வேலையில் எல்லோருக்கும் சந்தோசம், படம் எடுத்து அனுப்புவார்கள். இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவது தர்மமா? வாழையிடம் இந்தத் தொல்லை இல்லை. தாய்வாழை ஒரு குலை போட்டுவிட்டுத் தானே சாகும், குட்டி தானே எழும்பும். கலியாண வீட்டில் நாங்கள் வாழையடி வாழையாக வாழ்க என்று வாழ்த்துவதும் அதனால்தானோ என்று யோசித்திருக்கிறேன். அங்கே யாரும் யாரையும் தறிக்க வேண்டியதில்லை. தென்னை நூறு வயது வரைகூட நிற்கும், வருடத்துக்கு இருபது முப்பது காயாவது போட்டுக்கொண்டே. அது தானாக இடம்விடாது. விடும்படி கேட்கவும் முடியாது.

ஐயாவின் பக்கத்து நியாயத்தை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. ஔவையார் மூதுரையில் நன்றிக்கு உவமை சொல்லத் தேடி எடுத்தது தென்னையை. காலால் குடித்த தண்ணீரைத் தலையால் திருப்பித் தருகிற மரம். அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனனம் செய்தோம். ஆனால் அங்கே நன்றியுள்ளது மரம். தண்ணீர் ஊற்றியவன் எப்படி நடக்கவேண்டும் என்று அந்த வெண்பாவில் இல்லை. ஐயா அதைத்தான் கேட்கிறார். "பன்னிரண்டு வருசம் ஒருத்தரும் தண்ணி ஊத்தேல்ல, பசளை போடேல்ல. ஷெல்லுக்கும் சாகாமல் எங்களுக்காண்டி நிண்ட மரம். அதை நான் சாக்காட்டிறதோ?" என்றார் ஒருநாள். மரம் எங்களுக்காக நிற்கவில்லை, அது தன்பாட்டில் நின்றது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கூரை போட்டது எந்தக் காசில் என்பது கற்பனை இல்லையே. அவருக்கு 74 வயது. கிழமரத்தைத் தறிக்கச் சொல்லி மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சொல்லும்போது அவர் காதில் வேறு என்னவெல்லாம் விழுகிறது என்று யோசிக்க எனக்கு நாலைந்து வருடம் பிடித்தது.

நன்றியை வைத்து யோசித்தால் மரத்தைத் தொடமுடியாது. கடமையை வைத்து யோசித்தால் வைத்த பிள்ளைக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே கோடாலியில் வந்து நிற்கின்றன. நன்றி என்பது நடந்து முடிந்ததற்குக் கொடுப்பது. அதற்குச் சாட்சி இருக்கிறது, கூரை இருக்கிறது. பிள்ளை இன்னும் ஒன்றும் தரவில்லை, ஆகவே அதற்காகப் பேச எங்கள் வீட்டில் ஆளில்லை. பேசியவன் நான் ஒருவன். நான் பேசுவதில் உள்ள பிசகு வேறு.

யார் சொல்லலாம் என்பதற்கு வருவோம். காசு என்னுடையது. உழைப்பு ஐயாவுடையது. காணி இரண்டுமல்ல. அது அக்காவுக்குச் சீதனமாக எழுதிய காணி, உறுதி அவளுடைய பேரில். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமை எங்களில் பலருக்கு முழுதாகத் தெரியாது, ஆனால் சீதனக் காணி பெண்ணுடையது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். இத்தனையும் தெரிந்திருந்தும் பத்து வருடமாக நானும் ஐயாவும்தான் வாதாடினோம். அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்காததற்குக் காரணம் வெட்கமானது. காசு அனுப்புகிறவனுக்கு மெல்ல மெல்ல ஒரு முதலாளிப் புத்தி வருகிறது. இங்கே குசினியில் நான் ஒரு வெங்காயத்தை எப்படி அரியவேண்டும் என்பதையும் இன்னொருவன் தீர்மானிக்கிறான். ஊரில் இரண்டு ஏக்கரில் எந்த மரம் நிற்கலாம் என்று தீர்மானிக்கிற ஆளாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. புலம்பெயர்ந்த எம்மில் பலருக்கு இந்தச் சுகம் தெரியும் என்று நினைக்கிறேன். கோவில் நிர்வாகத்தில், பள்ளிக்கூடக் கட்டடத்தில், தங்கையின் கலியாணத்தில்.

விலையும் இதற்குள் வந்து புகுந்தது. 2021 இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தார்கள், அடுத்த வருடம் நாடே கவிழ்ந்தது, தோட்டங்கள் பசளை காணாமற் கிடந்தன. யாழ்ப்பாணத்துத் தென்னைகளில் வெள்ளை ஈயும் பரவியது. 2025 தொடக்கத்தில் கடையில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. காணியில் வந்து வாங்குகிறவர் அவ்வளவு கொடுப்பதில்லை என்றாலும், வருடத்துக்கு முப்பது காய் போடுகிற கிழமரம்கூட திடீரென்று சம்பளக்காரன் ஆகிவிட்டது. விலை குறைந்திருக்கும்போது, பிள்ளை வைத்து என்ன பிரயோசனம் என்பார்கள். விலை ஏறியிருக்கும்போது, இந்த நேரத்தில் காய்க்கிற மரத்தைத் தறிப்பாரா என்பார்கள். தறிப்பதற்கு நல்ல காலம் என்று ஒன்று சந்தையில் வரவே வராது. குருநாகல், சிலாபம், கொழும்பு என்ற பழைய முக்கோணத்துக்கு மேலதிகமாக வடக்குத் தென்னை முக்கோணம் என்று ஒரு திட்டத்தை 2025 செப்டெம்பரில் அரசாங்கம் தொடக்கியது. நல்லது. பிள்ளை கொடுப்பார்கள். கோடாலியைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை.

இந்த இடத்தில் குசினிக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. எனக்குச் சமையல் பழக்கியவர் எண்பதுகளில் வந்த ஓர் அண்ணை. பாத்திரம் கழுவுகிற பிளோன்ஜில் நின்ற என்னை இழுத்து, கத்தி பிடிக்க, சோஸ் இறக்க, பிரெஞ்சில் ஏச்சு வாங்காமல் இருக்கப் பழக்கினார். அவருக்கு இப்போது 65. ஓய்வு எடுக்க முடியாது. முதல் பத்து வருடம் பதிவில்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள், ஓய்வூதியத்துக்கு வேண்டிய காலாண்டுகள் நிறையவில்லை. எங்களுக்குக் கீழே, பிளோன்ஜில், முல்லைத்தீவுப் பெடியன் ஒருவன் ஆறு வருடமாக நிற்கிறான். கெட்டிக்காரன். அவன் மேலே வருவதற்கு இடம் இல்லை. போன வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கிழவருக்குக் கை நடுங்குகிறது, அவருடைய இடத்தை நீ எடு, உன்னுடைய இடத்தைப் பெடியனுக்குக் கொடுக்கலாம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லி ஒரு வருடத்தைக் கடத்திவிட்டேன். அதே கிழமையில் ஐயாவுக்குத் தொலைபேசியெடுத்து, பிள்ளையள் நிழலுக்குள்ள வீணாய்ப் போகுது, உங்களுக்கு இரக்கமில்லையோ என்று சத்தம்போட்டிருக்கிறேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஆனால் தென்னையை வைத்து மனிதருக்குச் சட்டம் எழுத முடியாது என்பதையும் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். கிழடுகளை அகற்றினால்தான் இளசுகள் வளரும் என்று சொன்னவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். எங்கள் அரசியலிலும் கண்டிருக்கிறோம், அந்தக் கோடாலி எங்கெங்கே போனது என்றும் தெரியும். காணியில் வெளிச்சம் இவ்வளவுதான். மேலே நிற்பது எடுத்தால் கீழே இல்லை. அதைக் கூட்ட ஒருவராலும் முடியாது. குசினியில் அப்படியில்லை. அங்கே மூன்று பேருக்கும் இடம் போதாது என்று தீர்மானித்தது சூரியன் இல்லை, முதலாளி. சனிக்கிழமை இரவில் நூற்றிருபது சாப்பாடு போகிற இடத்தில் இன்னொரு சமையற்காரனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. அவர் கையை ஒளித்துக்கொண்டு எங்கள் மூவரையும் ஒருவருக்கொருவர் நிழலாக்கிவிட்டார். நான் அண்ணையைத் தறிக்க மறுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை முதலாளி முகத்துக்கு நேரே கேட்காமல், யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்று பெடியனுக்கு ஒரு வருடத்தை இல்லாமற் செய்ததில் எந்த நியாயமும் இல்லை. இரக்கம் என்ற பெயரில் நான் செய்தது ஐயா செய்ததைவிடக் கேவலம். அவருக்கு முன்னால் உண்மையாகவே ஒரு மரம் நின்றது.

போன ஆவணியில் ஐயா பொறுமையிழந்தார். "நீ வந்து தறி. கோடாலி கோடிப்பக்கத்தில இருக்கு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார். நான் வரமுடியாது என்று அவருக்குத் தெரியும். என்னிடம் உள்ள பிரயாணப் பத்திரத்தில் எல்லா நாடும் போகலாம், இலங்கையைத் தவிர. அவர் அதைக் குத்திக்காட்டச் சொன்னாரா, அல்லது உண்மையாகவே மகன் வந்து தறித்தால் தன் தலையில் பாவம் இல்லை என்று நினைத்தாரா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். சொல்லுகிறவன் தறிக்க முடியாத இடத்தில் இருக்கிறான், தறிக்கக்கூடியவர் சொல்லை ஏற்கமுடியாத வயதில் இருக்கிறார். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக அக்காவைக் கூப்பிட்டு, உன்ர காணி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இப்பதான் ஞாபகம் வந்ததோ?" என்றாள்.

அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். நாங்கள் இருவரும் பாதி, முழுது என்று சண்டைபிடிக்க, அவள் மூன்று வருடமாக மரம் மரமாகக் காயை எண்ணிக் கொப்பியில் எழுதியிருக்கிறாள். மாதத்துக்கு ஒரு பாளை விடுகிற மரத்தில் எந்தக் காலத்திலும் ஒரு வருடத்துக் காய் வெவ்வேறு வயதில் தொங்கும். நல்ல மரமா இல்லையா என்று எண்ணிப் பார்க்காமல் சொல்லமுடியாது என்று எனக்கு விரிவுரையில் சொல்லித்தந்தார்கள். நான் அதை ஒருநாளும் செய்யவில்லை. வருடத்துக்கு 25 காய்க்குக் குறைந்த மரம் 17 என்று அவளுடைய கொப்பி சொன்னது. அதில் ஐந்து ஏற்கெனவே இடைவெளியின் ஓரத்தில் நிற்பவை, அவற்றைத் தறித்தாலும் எந்தப் பிள்ளைக்கும் பெரிய லாபமில்லை. மிச்சம் 12. மகனுக்குக் கம்பஸ் கிடைத்தால் முதல் வருடச் செலவுக்கு மரத்தின் விலையும் உதவும் என்றாள். காய்க்கிற மரத்தைத் தொடமாட்டேன் என்றும் சொன்னாள். அப்படிப் பார்த்தால் 46 பிள்ளைகளில் இருபதுக்குத்தான் வெளிச்சம் கிடைக்கும், மற்றவை அப்படியே நிற்கும். பத்து வயதுக்குப் பிறகு வெளிச்சம் கிடைத்தாலும் மெலிந்த தண்டு பெருக்காது. காய்க்கத் தொடங்கும், ஆனால் அடி அப்படியே இருக்கும். அதையும் அவளுக்குச் சொன்னேன். "அது தெரியும்" என்றாள்.

ஐயாவிடம் அவளே கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று எனக்குச் சொல்லவில்லை. கார்த்திகை மாதம் அனுப்பிய காணொளியில் 12 மரத்திலும் சுண்ணாம்பால் ஒரு கோடு இருந்தது. மூன்றாம் வரிசையில் இரண்டு கோட்டை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தது தெரிந்தது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தறித்த தண்டைக் காணிக்குள் உக்கவிட்டால் கருவண்டு முட்டையிட்டு இளசுகளின் குருத்துக்கு வரும், ஆகவே உடனடியாக அறுத்து ஏற்றவேண்டும், அடிக்கட்டையை எரிக்கவேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

முந்தாநாள் வாள்காரர் வந்திருக்கிறார். எட்டு மரம் தறித்து அறுத்து ஏற்றியாயிற்று. ஐயா அன்றைக்கு விடியவே வெளிக்கிட்டுச் சாவகச்சேரிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாராம், பின்னேரம்தான் வந்தார். ஒன்பதாவது மரத்தில் வாள்காரர் கோடாலிப் பின்புறத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இரும்பு கிடக்கிறது, வாள் போடமாட்டேன், பல்லு உடையும் என்று சொல்லிவிட்டார். மற்ற ஒன்றும் அப்படித்தான். கையால் கொத்தித்தான் விழுத்தவேண்டும், விழுத்தினாலும் சலாகைக்கு ஒருவரும் வாங்கமாட்டார்கள். கூலிக்கு ஆள் பார்க்கவேண்டும் என்று அக்கா சொன்னாள். படம் அனுப்பியிருக்கிறாள். மரத்தில் சுண்ணாம்புக் கோடு இருக்கிறது, அதற்கு ஓராள் உயரம் மேலே பழைய துளை இருக்கிறது. அதற்கு அங்காலே, எட்டு மரம் போன பக்கத்திலிருந்து வெய்யில் வந்து பிள்ளையின் ஒரு பாதியில் விழுந்திருக்கிறது.